வாகனப் பக்கம்: ஸ்பிறிங்கை வெட்ட முன்னர்



இம்முறை செயின்ட்-மிஷேலில் இருந்து ஒரு தகப்பன் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன். குடும்பம் இங்கே வந்து நான்கு வருடம். வீட்டில் ஒரேயொரு கார், 2012ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக். அதில்தான் அவர் இரவு வேலைக்குப் போய்வருகிறார், அதில்தான் மனைவி கடைத்தெருவுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஓடுகிறார். மூத்த மகனுக்கு வயது பத்தொன்பது, செஜெப்பில் படிக்கிறான். கூட்டாளிகளோடு 'ஓட்டோ சிலாலம்' என்ற போட்டியைப் பார்த்துவிட்டு வந்த நாள் தொடக்கம் அவனுக்கு வேறு நினைவு இல்லை. காரைப் பதிக்க வேண்டுமாம், ஸ்பிறிங்கில் இரண்டு சுற்று வெட்டினால் போதுமாம், கூட்டாளி ஒருவன் தன் வீட்டுக் கராஜில் ஒரு பின்னேரத்தில் செய்து தருவானாம். "இது றோட்டில் ஓடுகிற றேஸ் தானே? மறிப்பதா, விடுவதா?" என்று கேட்கிறார்.

கேட்டது தகப்பன் என்றாலும், இதை மகனும் படிப்பான் என்று நினைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஐயா, இது றோட்டு றேஸ் அல்ல. பெரிய வாகனத் தரிப்பிடத்திலோ மூடிய ஓடுபாதையிலோ செம்மஞ்சள் கூம்புகளை வைத்து ஒரு வளைந்த பாதை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் போகும். எதிரி கடிகாரம் மட்டுமே. ஒரு ஓட்டம் ஒரு நிமிடம் அளவில் முடிந்துவிடும். ஒரு கூம்பைத் தட்டினால் வழமையாக 2 செக்கன் தண்டம், பாதையைத் தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. இரண்டாவது கியருக்கு மேல் போகும் தேவை அதிகம் வராது. வேகம் நெடுஞ்சாலை வேகத்தைவிடக் குறைவாகவே இருக்கும், ஆனால் முடக்குகள் நெருங்கி நெருங்கி வரும். அமெரிக்காவில் இதை ஓட்டோகுறொஸ் என்பார்கள். கியூபெக்கில் இதைப் போன்ற மோட்டார் விளையாட்டுகளுக்குப் பொறுப்பான கூட்டமைப்பு ஓட்டோ ஸ்போர்ட் கியூபெக். அதன் கீழுள்ள கழகங்கள்தான் போட்டிகளை நடத்துகின்றன. தலைக்கவசம் கட்டாயம். ஓட விடுவதற்கு முன் காரைப் பார்ப்பார்கள்: சில்லு ஆடுகிறதா, பற்றறி இறுகியிருக்கிறதா, உள்ளே உருளும் சாமான் ஏதும் கிடக்கிறதா என்று.

மோட்டார் ஓட்டம் என்றதும் எங்கள் ஆக்களுக்கு நெஞ்சு திடுக்கிடுவது நியாயம்தான். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதை விலகிப் பார்வையாளருக்குள் புகுந்து ஏழு பேர் இறந்ததை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அங்கே பல கார்கள் ஒன்றாக மண் பாதையில் ஓடின, சனம் ஓரத்தில் நின்றது. கூம்புப் போட்டியில் பார்வையாளர் தூரத்தில், கார் தனியாக. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை, இரண்டும் வேறு வேறு விளையாட்டு என்கிறேன்.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. மகனை மறித்து வைத்தால் அந்த ஆசை எங்கே போகும்? இரவு பதினொரு மணிக்குப் பிறகு பெரிய தெருக்களில் சைலென்சர் உறுமும் சத்தம் கேட்காத வீடு செயின்ட்-மிஷேலில் இருக்கிறதா? தெருவில் ஓடிப் பிடிபட்டால் அது சாதாரணத் தண்டப் பணத்தோடு நிற்காமல் போகலாம். 'ஆபத்தான முறையில் வாகனம் செலுத்துதல்' என்று குற்றவியல் வழக்குப் பதிந்தால், 2018 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தத்தின்படி அதற்கான உச்சத் தண்டனை 10 வருடச் சிறை. குடிவரவுச் சட்டத்தில் உச்சத் தண்டனை 10 வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றம் 'பாரதூரமான குற்றம்' என்ற வகைக்குள் வரும். நீதிபதி ஒரு நாள்கூடச் சிறை கொடுக்காவிட்டாலும், குடியுரிமை இன்னும் எடுக்காத பிள்ளையின் வதிவிட உரிமையையே அது கேள்விக்கு உள்ளாக்கலாம். நாட்டை விட்டு ஓடி வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதனால் என் விருப்பம், ஆசை கூம்புக்குள்ளேயே ஓடட்டும்.

ஆனால் காப்புறுதியை மறக்க வேண்டாம். கியூபெக்கில் 1978 தொடக்கம் வாகன விபத்தில் உடலில் ஏற்படும் காயத்துக்கு, பிழை யாருடையது என்று பாராமல், எஸ்.ஏ.ஏ.கியூ. இழப்பீடு கொடுத்து வருகிறது. இது கன பேருக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், மற்ற வாகனங்களுக்கு மூடப்பட்ட இடத்தில் நடக்கும் போட்டியிலோ காட்சியிலோ ஏற்படும் விபத்துக்கு அந்த இழப்பீடு இல்லை. வாகனக் காப்புறுதிச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அதை விலக்கி வைத்திருக்கிறது. மருத்துவ அட்டை ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கும், இழந்த சம்பளத்தைத் தராது. காருக்கு எடுத்த தனியார் காப்புறுதியும் பொதுவாகப் போட்டிக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. ஆகவே போட்டி நடத்தும் கழகம் என்ன காப்புறுதி வைத்திருக்கிறது, அது யாரை மூடுகிறது என்று பதியும்போதே கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை, இங்குள்ளவர்களும் கேட்கிறார்கள். காரில் மாற்றம் செய்தால் உங்கள் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் விட்டால், பிறகு றோட்டில் நடக்கும் விபத்துக்கும் அவர்கள் கையை விரிக்க இடமிருக்கிறது.

இனித் தம்பியுடன் கதைப்போம்.

தம்பி, கார் முடக்கில் திரும்பும்போது பாரம் உள்பக்கச் சில்லுகளில் இருந்து வெளிப்பக்கச் சில்லுகளுக்குப் போகிறது. எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்க்கலாம். ஆளோடு சேர்த்து கார் 1300 கிலோ. நல்ல ரயரில் பக்கவாட்டு விசை புவியீர்ப்பின் 0.9 மடங்கு என்று வைப்போம். காரின் பாரமையம் நிலத்தில் இருந்து ஏறத்தாழ 53 சென்ரிமீற்றர், இரு சில்லுகளுக்கு இடையிலான அகலம் 150 சென்ரிமீற்றர். 1300ஐ 0.9ஆல் பெருக்கி, 53ஆல் பெருக்கி, 150ஆல் பிரித்தால் வருவது சுமார் 410 கிலோ. நேரே போகும்போது பக்கத்துக்கு 650 ஆக இருந்தது, முடக்கில் வெளிப்பக்கம் 1060, உள்பக்கம் 240 ஆகிறது. இந்தக் கணக்கில் ஸ்பிறிங்கின் கடினம் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. உலகத்திலேயே மிக இறுக்கமான ஸ்பிறிங்கைப் போட்டாலும் இந்த 410 கிலோ போகத்தான் செய்யும். ஸ்பிறிங்கும் கம்பியும் தீர்மானிப்பது, அதில் முன்பக்கம் எவ்வளவு சுமக்கும், பின்பக்கம் எவ்வளவு சுமக்கும் என்பதையும், உடல் எவ்வளவு சரியும் என்பதையும்தான்.

சரி, காரை 3 சென்ரிமீற்றர் பதித்தால்? 53 என்ற இடத்தில் 50ஐப் போட்டுப் பார். 390 வரும். வெறும் 20 கிலோ இலாபம். அந்த இருபது கிலோவுக்காக நீ என்ன கொடுக்கிறாய் என்று பார்ப்போம். உங்கள் சிவிக்கின் முன்பக்கம் மக்பேர்சன் ஸ்ரறற் வகை. இதில் கார் அதிகம் பதிந்தால் கீழ்க் கை சில்லுப் பக்கமாக மேல்நோக்கிச் சரிந்துவிடும். அப்போது காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ அந்தப் புள்ளி, பாரமையத்தை விடக் கூடுதலாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடினால் கார் முன்னையதை விடச் சரியவே பார்க்கும். அதோடு, சரியும்போது வெளிச்சில்லு நிமிர்ந்து நிற்க உதவும் கோணமும் கெட்டு, ரயர் தன் வெளி விளிம்பில் ஓடும். பார்வைக்குப் பதிந்த கார், முடக்கில் தோற்கும் கார்.

இதெல்லாம் நல்ல ஸ்பிறிங் வாங்கிப் போட்டாலே நடக்கும். வெட்டினால் இன்னும் மோசம். கார் தூக்கி விழும்போது குட்டையான ஸ்பிறிங் தன் இருப்பிடத்தை விட்டுக் கழன்று நகரலாம். சொக் அப்சோபர் அடித்தட்டுக்குக் கிட்டவே வேலை செய்து சீக்கிரம் சாகும். மெற்றோபொலிட்டன் நெடுஞ்சாலையின் பாலப் பொருத்துகளிலும் ஏப்ரல் மாதத்துக் குழிகளிலும் ஒவ்வொரு தட்டும் காரின் உடலுக்கே போகும். அம்மா சந்தைக்குப் போகிற கார் அது. கியூபெக் வீதிப் பாதுகாப்புச் சட்டம், காரின் நிலைபேற்றையோ பிறேக் திறனையோ குறைக்கக்கூடிய மாற்றத்தை எஸ்.ஏ.ஏ.கியூ.வின் முன் அனுமதி இல்லாமல் செய்வதைத் தடுக்கிறது. வெட்டிய ஸ்பிறிங்குக்கு யார் அனுமதி தருவார்?

அப்படியென்றால் என்ன செய்வது? முதல் வருடம் ஒன்றும் மாற்றாதே. பழையதைப் புதிதாக்கு. மொன்றியல் உப்புத் தின்ற பத்துப் பதினைந்து வயதுக் காரில் தேயாத பாகம் இராது. காரைத் தூக்கிச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் போல் ஜொயின்ற் தெரியும், பக்கவாட்டில் ஆட்டினால் ரை ரொட் நுனி தெரியும். றப்பர் புஷ்கள் வெடித்திருந்தால் அலைன்மென்ற் எத்தனை தரம் செய்தாலும் நில்லாது. புது புஷ் போடும்போது ஒரு விடயம் பல கராஜ்களில் கவனிப்பதில்லை. கார் தூக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் போல்ற்றை முடுக்கி இறுக்கக் கூடாது, சில்லில் பாரம் இருக்கும் நிலையில்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் றப்பர் எந்த நேரமும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். வேலை கொடுக்கும்போதே இதைச் சொல்லிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார்.

அடுத்தது ரயர். காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். காரில் நிலத்தைத் தொடுவது அந்த நான்கு உள்ளங்கையளவு றப்பர் மட்டுமே. நல்ல கோடைகால ரயர் தரும் செக்கன்களை எந்த ஸ்பிறிங்கும் தராது. மலிவாகக் கிடைக்கும் இரண்டாவது றிம் செற் ஒன்றில் அதைப் போட்டு வைத்தால், வீட்டு ரயர் தேயாது. காற்று அளவைச் சரி செய்யச் செலவே இல்லை: ரயரின் விளிம்பில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறு, ஓடிவிட்டு வந்து பார். கோடு பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் ரயர் மடிகிறது, இரண்டு இறாத்தல் கூட்டு. கோடு அழியாமலே இருந்தால் கொஞ்சம் குறை. எழுதி வைத்துக்கொள், அந்தக் கொப்பிதான் உன் உண்மையான பயிற்சியாளர்.

பிறகு அலைன்மென்ற். முன்சில்லுகளின் தலை சற்று உள்ளே சாய்ந்திருந்தால் முடக்கில் வெளி ரயர் தட்டையாக நிலத்தில் பதியும். போட்டிக்காரர் 2 பாகை, இரண்டரைப் பாகை என்று வைப்பார்கள். அதற்கென்று கம்பர் போல்ற் விற்கிறார்கள், கொஞ்சம் கோணம் கிடைக்கும். வீட்டுக் காருக்கு ஒன்று, ஒன்றரைப் பாகையோடு நில். சில்லுகளின் முன்னோக்கிய கோணத்தை, டோ என்பார்களே, நேராகவே விடு. அதை வெளியே திறந்தால் கூம்புக்குள் கார் சுறுக்காகத் திரும்பும், ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடும் அப்பாவின் ரயரைத் தின்றுவிடும். இரவு வேலை முடிந்து நித்திரை தூங்கி வருபவருக்கு நெடுஞ்சாலையில் தானாக அலையும் கார் வேண்டாம்.

இரண்டாம் வருடமும் ஆசை குறையாவிட்டால் சொக் அப்சோபர். ஸ்பிறிங் எவ்வளவு அமுங்கும் என்பதைச் சொல்கிறது, சொக் எவ்வளவு விரைவாக அமுங்கும், விரியும் என்பதைச் சொல்கிறது. கூம்புப் போட்டியில் இடம், வலம், இடம் என்று பாரம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த விரைவுதான் முக்கியம். கொனி மஞ்சள் போன்றவற்றில் விரியும் பக்கத்தின் இறுக்கத்தைத் திருகி மாற்றலாம். போட்டிக்கு இறுக்கி, வீட்டுக்கு வரும்போது தளர்த்தலாம்.

எதை மாற்றினாலும் முதலில் விதிப் புத்தகத்தைப் பார். ஒவ்வொரு மாற்றமும் உன்னை எந்தப் பிரிவில் போடும் என்று அதில் இருக்கும். அமெரிக்க எஸ்.சி.சி.ஏ. சங்கத்தின் சோலோ விதிகளில், அடிமட்டத் தெருப் பிரிவில் சொக்கை மாற்றலாம், முன் அல்லது பின் ஸ்வே பார் ஒன்றை மாற்றலாம், ஸ்பிறிங்கைத் தொடக்கூடாது. ஸ்பிறிங்கை மாற்றிய நிமிடமே மேலும் நிறைய மாற்றம் செய்த கார்களோடு போட்டியிட வேண்டியதுதான். கியூபெக் விதிகளைக் கழகத்திடம் கேட்டு வாங்கு. அப்படிப் பார்க்கும்போது கூட்டாளியின் ஒரு பின்னேர வேலை, நீ ஓடத் தொடங்க முதலே உன்னைத் தோற்கடிக்கிற வேலையாகவும் ஆகிவிடலாம்.

ஸ்வே பார் பற்றிச் சொன்னேன். இடச் சில்லையும் வலச் சில்லையும் இணைக்கும் முறுக்குக் கம்பி அது. முன்சில்லு இழுக்கும் கார்கள் முடக்கில் மூக்கை நேரே கொண்டுபோகப் பார்க்கும். பின்னுக்குத் தடித்த கம்பி போட்டால் வால் கொஞ்சம் சுழன்று கார் திரும்ப உதவும். உள்பக்கப் பின்சில்லு நிலத்தை விட்டுத் தூக்கினால் பயப்படாதே, அது சாதாரணம். ஆனால் தம்பி, அதே கம்பி ஜனவரியில் பனி உறைந்த தெருவில் உன் அம்மா ஸ்ரியறிங்கைத் திருப்பும்போதும் வாலைச் சுழற்றும். அவருக்கு அதைப் பிடிக்கத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே போடுவதென்றால் இறுக்கம் மாற்றக்கூடிய கம்பியாகப் போட்டு, குளிர் தொடங்க முன் மிகத் தளர்ந்த துளைக்கு மாற்றிவிடு. கோடை ரயரும் அதற்கு முன்பே கழற வேண்டும். 7 பாகைக்குக் கீழே அந்த றப்பர் கல்லாகிவிடும். டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கியூபெக்கில் சட்டம்.

ஊரில் மொறிஸ் மைனர் ஓடியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்திலும் அது ஓடியது. 1948இல் வெளிவந்த அந்தக் காரை வரைந்தவர் அலெக் இசிகொனிஸ். 1906இல் சிமிர்னா நகரில் பிறந்தவர். 1922இல் அந்த நகரம் எரிந்து சனம் கடலுக்கு ஓடியபோது, பிரித்தானியக் கப்பல் அவருடைய குடும்பத்தை மோல்ற்றாவுக்கு ஏற்றியது. தகப்பன் விரைவில் இறந்துபோனார். தாயும் மகனுமாக இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதப் பரீட்சையில் மூன்று தரம் தவறினார். 1930களில் அவரும் ஜோர்ஜ் டௌசன் என்ற நண்பரும் ஓய்வு நேரங்களில், கையாலேயே ஒரு சின்ன றேஸ் கார் கட்டினார்கள். கட்டி முடிக்கப் பல வருடம் எடுத்தது. அதன் சஸ்பென்சனில் இரும்புச் சுருளுக்குப் பதில் றப்பர் போட்டுப் பார்த்தார். கடிகாரத்தோடு போட்டி போடும் மலை ஏற்ற ஓட்டங்களில், உன்னைப்போல் பொழுதுபோக்குக்காகத்தான் அதை ஓட்டினார். பிறகு 1959இல் அவர் வரைந்த மினி காரும் றப்பர் சஸ்பென்சனோடு வந்தது. அதைச் செய்து கொடுத்தவர் அலெக்ஸ் மோல்ற்றன். ஒரு பின்னேரத்தில் வெட்டி முடிக்கிற அவசரம் இசிகொனிஸிடம் இருக்கவில்லை.

கடிதம் எழுதிய ஐயாவுக்கு: என்னைக் கேட்டால் விடுங்கள். ஆனால் பேரம் பேசி விடுங்கள். முதல் போட்டிக்கு நீங்களும் கூடப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல்தானே. கழகத்தின் காப்புறுதிக் கடிதத்தை நீங்களே வாங்கிப் படியுங்கள், பிரெஞ்சு தடக்கினால் மகனையே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், அவனும் படித்ததாக இருக்கும். ரயர் காசு அவன் பகுதிநேர வேலையில் சேர்க்கட்டும். திங்கட்கிழமை இரவு நீங்கள் வேலைக்குப் போகும்போது கார் வெள்ளிக்கிழமை இருந்த மாதிரியே வாசலில் நிற்க வேண்டும், சில்லு மாற்றி, போல்ற் இறுக்கி. இதற்கு அவன் உடன்பட்டால் ஸ்பிறிங்கைப் பற்றிய கதை இரண்டு வருடத்துக்கு எழும்பாது. அதற்குள் தனக்கென்று ஒரு பழைய கார் வாங்கும் காசையும் சேர்த்துவிடுவான். முதற்தலைமுறை மஸ்டா மியாட்டா ஒன்று துருவில்லாமல் கிடைத்தால், நான்கு சில்லுக்கும் இரட்டைக் கை சஸ்பென்சன், எடை ஏறத்தாழ ஒரு தொன். அப்போது எழுதச் சொல்லுங்கள், ஸ்பிறிங் பற்றி ஒரு முழுப் பக்கமே எழுதுகிறேன்.

அடுத்த இதழில், பழைய கார் வாங்கப் போகும்போது அடிப்பக்கத் துருவை எப்படிப் பார்ப்பது என்று பார்ப்போம். ஒரு டோர்ச் லைற்றும் ஒரு பழைய ஸ்குறூ டிறைவரும் எடுத்து வையுங்கள்.